அம்மா ஏந்தும் கைகள்

பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர்தான். சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அம்மா பாயிலேயே உட்கார்ந்து, இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே ஏந்துவார். தொடக்கத்தில் இறைப்புகழும், நபிக்கு அருள் வேண்டும் ஸலவாத்தும் அரபியில். அப்புறம் எல்லாம் தமிழ்தான். தறியில் பாவு நூல் அறக் கூடாது, கரண்ட் போகக் கூடாது, பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவின் முழங்கால் வலி தீர வேண்டும், அவர்கள் போர்வெல்லில் தண்ணீர் ஏற வேண்டும். சிறுவயதில் எனக்குச் சிரிப்பு வரும்.

அம்மா இப்படிக் கேட்பதுதான் துஆ. துஆ என்றால் அழைத்தல். ஐவேளைத் தொழுகைக்கு நேரமும் ஓதும் முறையும் உண்டு. துஆவை எந்த மொழியிலும் கேட்கலாம். "என்னை அழையுங்கள், பதிலளிக்கிறேன்" என்கிறது குர்ஆன் (40:60).

போன மாதம் ஆர்டர் இல்லாமல் தறிகள் நின்றன. கையை ஏந்தினால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அப்போதுதான் மூஸா நபி நினைவுக்கு வந்தார். எகிப்திலிருந்து தப்பி மத்யன் என்ற ஊருக்கு வந்தவர், வேலையில்லை, வீடில்லை. முன்பின் தெரியாத இரு பெண்களின் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி, "இறைவா, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன்" என்றார் (28:24). பட்டியலே போடவில்லை, பாருங்கள்!

அம்மாவிடம் சொன்னேன்.

"அவர் நபி, அவருக்கு அது போதும். நீ நூல் கடை பாக்கியையும் சேர்த்துக் கேள்" என்றார்.