அடாப்டர் வந்த பிறகு

அடாப்டர் வந்துவிட்டது. பலகையை விட்டுவிட்டு ஸ்லைடுகளைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த ஒரு முடிவுதான் இன்னமும் மண்டையைக் குடைகிறது.

மற்றதெல்லாம் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். பயிற்சி வகுப்பு, புது புரொஜெக்டர், பழைய லேப்டாப், இரண்டையும் இணைக்க வழியில்லை. ஐ.டி. பிரிவில் யாரும் போனை எடுக்கவில்லை. ஸ்லைடுகளைத் தயார் செய்த ஜூனியர் பெண், "நான் மேல போய் வாங்கிட்டு வந்துடறேன் மேடம்" என்று ஓடினாள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனில் தலையைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். மார்க்கரை எடுத்தேன். முதலாவது எழுதவே இல்லை, இரண்டாவது விட்டு விட்டு எழுதியது. ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, "இதுல உங்களுக்கு எங்க சிக்கும்?" என்று ஒரு கேள்வி. பின்வரிசையில் ஒருவர் பதில் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் மறுத்தார். வகுப்பு சூடு பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் மூச்சிரைக்க உள்ளே வந்து அடாப்டரைத் தூக்கிக் காட்டினாள். இருக்கட்டும் என்று சைகை செய்தேன். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதன் வயரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

முடிந்ததும் ஒரே பாராட்டு. ஸ்லைடு இல்லாததே நல்லதாப் போச்சு, பிரமாதமா சமாளிச்சிட்டீங்க. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்போ ஸ்லைடே தேவையில்லையா மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்படி இல்லம்மா, நீ வரிசைப்படுத்தி வச்சிருந்ததாலதான் எனக்குப் பலகையில எழுதவே வந்துச்சு" என்றேன். பொய்யில்லை. பாராட்டியவர்களிடமும் இதையே சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் பலகையைப் பற்றியே பேசினார்கள்.

திட்டம் குலைந்ததே நல்லதாகிப்போனதற்கு உதாரணமாகப் பலரும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. நானே வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆபரா அரங்கில் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் கீத் ஜாரெட்டின் பியானோக் கச்சேரி. அவர் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதில் மேடையில் இருந்தது ஒத்திகைக்கான சின்னப் பியானோ. மேல் சுரங்கள் தகரம் மாதிரி ஒலித்தன, பெடலும் சரியில்லை. வாசிக்க மாட்டேன் என்றவரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவர், பதின்ம வயதையே தாண்டாத ஏற்பாட்டாளர் வேரா பிராண்டெஸ். குறையுள்ள சுரங்களை ஒதுக்கி ஜாரெட் வாசித்த அந்தக் கச்சேரியின் பதிவு லட்சக்கணக்கில் விற்றது. இப்போது இதைச் சொல்லும்போது வேறொன்று உறுத்துகிறது. பிராண்டெஸுக்கு ஒரு வரி கிடைக்கிறது. அன்று மாலை அந்தப் பியானோவைப் பிரித்து மேய்ந்து, வாசிக்கும் அளவுக்காவது தேற்றியவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

சரி, அன்று வகுப்பை நிறுத்தி ஸ்லைடைப் போட்டிருந்தால்? இணைப்பு, பாஸ்வேர்டு, திரை தெரிகிறதா என்ற விசாரிப்பு. அதற்குள் அந்த இரண்டு பேரின் வாக்குவாதம் ஆறிப்போயிருக்கும். வகுப்பு நடப்பது வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக, நாம் கண்விழித்துத் தயாரித்ததைக் காட்டுவதற்காக அல்ல. நாளைக்கே இப்படி நடந்தாலும் இதையேதான் செய்வேன். இப்படித் தீர்மானமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாராட்டு கிடைத்த அன்றே அந்த புரொஜெக்டரைப் பற்றிக் கவலைப்படுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்பதும் ஞாபகம் வருகிறது. சமாளிக்க ஆள் இருந்தால் போதும், ஓட்டை அப்படியே இருக்கலாம் போலிருக்கிறது.

அப்புறம் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். உளவியலாளர் கேரி கிளைன் 2007-ல் எழுதிய கட்டுரையால் பரவலானது அது. வேலை தொடங்கும் முன்பே, அது ஏற்கனவே சொதப்பிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் சொதப்பியது என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாக எழுதவேண்டும். சொதப்புமா என்று கேட்டால் சொதப்பாது என்பவர்கள், சொதப்பிவிட்டது என்று சொன்னால் காரணங்களை அடுக்குகிறார்கள். முதல் தடவை அவள் எழுதிய தாளில், மின்சாரம், மைக் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது: "எல்லாம் சரியா இருந்தும் மேடம் ஸ்லைடைப் போடாம விடுறது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே மாற்று ஏற்பாடு எழுதுவோம். அடாப்டருக்கு "இரண்டு வாங்கி வை". இதற்கு "தயாரிச்சவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணணும்" என்று எழுதலாம் என்கிறாள். வகுப்பு நடுவில் எப்படி நின்று கேட்பது என்கிறேன் நான். அந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்கு இன்னும் ஒத்துவரவில்லை.