தாத்தாவின் 1971 கடிதங்கள்: இதுவரை செய்தது

1971 இந்தியா-பாகிஸ்தான் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த தாத்தா வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பாதுகாக்கும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஆச்சி அவற்றை அந்தக்கால வழக்கப்படி கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் துருவேறிய ஓட்டை இருக்கிறது. 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் காகிதமெல்லாம் கூழாகிப்போனதைப் பார்த்தபின், இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மெல்லிய தூரிகையால் தூசியையும் துருவையும் அகற்றினேன். ஈரம் கிட்டவே வரக்கூடாது, பேனா மை கரைந்துவிடும். மடிப்பில் இற்ற இன்லண்ட் தாள்களை மையொற்றும் தாள்களுக்கு இடையே வைத்துப் பாரம் ஏற்றினேன். சித்தப்பா என்றோ ஒட்டிய செலோ டேப்பை உரிக்கவில்லை. உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். லேமினேஷன் செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது என்பதால் மறுத்துவிட்டேன். பிவிசி உறையும் வேண்டாம், பாலியெஸ்டர் உறைதான் நல்லது.

பிறகு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தேன். முகவரிப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும் என்பேன். தாத்தா பல கடிதங்களில் தேதி போடவில்லை. இடத்தின் பெயரை எழுத ராணுவத்தில் அனுமதி கிடையாது. அனுப்புநர் முகவரியில் 99 ஏபிஓ என்று மட்டும் இருக்கிறது. கிழக்கு எல்லைப் படைகளுக்கான ராணுவ அஞ்சலக எண் அது. தபால் முத்திரையும் மங்கிப்போன கடிதங்களுக்கு வயல்தான் துணை. "கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டார்களா, பிசான நடவு முடிந்ததா" என்று கேட்டிருந்தால் அது எங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்ற இரண்டாம் போக நெல்லை நடும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியது. முதல் போகமான கார் நெல்லின் அறுவடையை விசாரித்திருந்தால் அதற்கு முந்தையது. டிசம்பர் 3 முதல் 16 வரை போர் நடந்த நாட்களின் முத்திரையோடு ஒரு கடிதம்கூட இல்லை. அந்த இரண்டு வாரம் ஆச்சி எப்படி இருந்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

மங்கிய நீல மையைப் படிக்க, ஸ்கேன் படத்தில் சிவப்பு நிற அடுக்கை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தேன். எழுத்து கருமையாகத் தெரிந்தது.

இப்போது ஆச்சியிடம் கடிதங்களை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். "வடக்கு வளவு மாமா", "மில் அண்ணாச்சி" எல்லாம் யார் என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆச்சிக்கே பிடிபடாத சிலரைப் பற்றி, பொங்கலுக்கு வரும் பெரிய அத்தையிடம் கேட்க வேண்டும்.