ஷாகிக்குக் கை உடைஞ்சது

"எனக்கு எப்படிக் கை உடையும்?"னு ஸ்கூபி டூ கார்ட்டூன்ல வர்ற ஷாகி திகைச்சு நிக்கிறான். கார்ட்டூன் கைதான். எனக்கு மனசு பதறிடுச்சு.

சூப்பர்நேச்சுரல் தொடர்ல 2018-ல வந்த 'ஸ்கூபிநேச்சுரல்' எபிசோடை இன்னைக்கு மறுபடி பார்த்தேன். நிஜப் பேய்களை வேட்டையாடுற சாமும் டீனும் ஸ்கூபி டூ கார்ட்டூனுக்குள்ள மாட்டிக்கிறாங்க. சொல்லிக் கேட்டா அபத்தமாத்தான் இருக்கும்.

அந்தக் கார்ட்டூன்ல பேய்னு வர்றது வழக்கமா முகமூடி போட்ட ஆளாத்தான் இருக்கும். ஆனா இங்க பேய் நிஜம்னு தெரிஞ்சதும் ஷாகியும் அவன் கூட்டாளிப் பசங்களும் நொறுங்கிப் போறாங்க பாருங்க, அங்கதான் எபிசோடே ஜெயிக்குது. டீன் சின்ன வயசுல டிவியில பார்த்து வளர்ந்த பசங்க அவங்க. கடைசியில சாமும் டீனும் பேய்கிட்டயே பேசி, "முகமூடி போட்ட ஆள்தான்"னு அந்தப் பசங்களை நம்ப வைக்கிறாங்க.

ரெண்டு தொடரையும் உயிரா நேசிச்சவங்க எழுதினது. ஒவ்வொரு காட்சியிலயும் தெரியுது.

2023-ல ஸ்டார் ட்ரெக் 'லோயர் டெக்ஸ்' கார்ட்டூன் ஆட்கள் நிஜ நடிகர்கள் நடிச்ச இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்'ல நிஜ மனுஷங்களா வந்து இறங்கினதும் இதே ரகம். குரல் கொடுத்த ஜாக் க்வெய்டும் டானி நியூசமுமே நேர்ல நடிச்சாங்க. அதையும் பார்த்துடுங்க.