ஸ்பார்ட்டாவில் பார்க்க என்ன இருக்கு?

ஏதென்ஸில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா, ஸ்பார்ட்டாவுக்குப் போகிறோம் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "அங்கே பார்க்க என்ன இருக்கு?" கடலோரமாக எங்காவது போங்களேன் என்று நாலைந்து ஊர் பேர் சொன்னார். என் வீட்டுக்காரர் அசையவில்லை. அவர் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஸ்பார்ட்டா கட்சி. நான் ஏதென்ஸ் கட்சி. கி.மு. 431 முதல் 404 வரை அடித்துக்கொண்ட இரண்டு ஊர்களையும் எட்டே நாளில் சண்டையில்லாமல் பார்த்துவிடலாம் என்று நினைத்தது எங்கள் தப்பு.

முதலில் என் ஊர். பழைய ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் மேட்டில் நிற்கும் ஹெபைஸ்டோஸ் கோயிலைப் பார்த்து நடக்கிறார்கள். நான் தேடிப் போனது ஒரு கல். "நான் அகோராவின் எல்லை" என்று கல்லே பேசுவதுபோல விளிம்பில் எழுத்து. சுமார் கி.மு. 500இல் நட்டது, இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. அதை ஒட்டியே ஒரு சின்ன வீட்டின் அடித்தளம். தோண்டியபோது செருப்புக்கு அடிக்கும் ஆணிகளும் வார் கோக்கும் எலும்பு வளையங்களும் கிடைத்தன. 'சிமோனுடையது' என்று கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தது. சிமோன் என்ற செருப்புத் தைப்பவரின் கடையில் சாக்ரடீஸ் உட்கார்ந்து பேசுவார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. இது அந்தக் கடைதானா என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் அந்த மூலையில் நின்றால், ஒரு மனுஷன் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வதும், எதிரில் இன்னொருவர் "நல்லது என்றால் என்ன?" என்று நச்சரிப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

திரும்பக் கட்டியிருக்கும் அட்டலோஸ் மண்டபத்துக்குள்தான் அகோரா அருங்காட்சியகம். அங்கே இரண்டு மணி நேரம் போனது. நீதிமன்றத்தில் பேச்சை அளக்க வைத்த தண்ணீர்க் கடிகாரம் இரண்டு மண்சட்டிகள்தான். மேல் சட்டியின் துளை வழியாகத் தண்ணீர் வடிய சுமார் 6 நிமிடம். வடிந்து முடிந்தால் வாயை மூட வேண்டும். நம் டிவி விவாதங்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். பக்கத்தில் வரிசை வரிசையாகத் துளை வெட்டிய பளிங்குப் பலகை. ஆட்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் செருகுவார்கள், கறுப்பு வெள்ளைக் குண்டுகள் விழும் வரிசைப்படி இன்றைய நீதிபதிகள் யார் என்று முடிவாகும். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று காலை வரை தெரியாது!

என்னைச் சிரிக்க வைத்தவை ஓட்டுச் சில்லுகள். வருஷத்துக்கு ஒரு முறை, ஊரை விட்டு 10 ஆண்டு அனுப்ப வேண்டிய ஆளின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடலாம். அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் ஒரு கிணற்றில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் எழுதிய 190 சில்லுகள் மொத்தமாகக் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். யாரோ உட்கார்ந்து மொத்தமாக எழுதி, விநியோகத்துக்குத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள். "பூத் வாசல்ல சீட்டு குடுக்கிற மாதிரி," என்றார் இவர். எனக்கு அந்த ஊர்மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது.

மூன்றாம் நாள் பஸ். கொரிந்து கால்வாய் பாலத்தைத் தாண்டி, திரிப்போலி வழியாக மலையேறி இறங்கினால் பள்ளத்தாக்கு திறக்கிறது. மேற்கே தாய்கெட்டோஸ் மலை, 2,400 மீட்டர், ஏப்ரலிலும் உச்சியில் பனி. தெருவெல்லாம் நாரத்தை மாதிரி கசப்பு ஆரஞ்சு மரங்கள், பூ வாசனை தலையைச் சுற்றுகிறது. ஊர் என்னவோ நேர்நேரான தெருக்களோடு, 1834இல் ஓத்தோ மன்னர் புதிதாகக் கட்டச் சொன்ன ஊர். பழைய ஸ்பார்ட்டா எங்கே?

ஆலிவ் தோப்புக்குள். விளையாட்டு மைதானத்தின் முன் நிற்கும் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸ் சிலையைத் தாண்டி நடந்தால், மரங்களுக்கு நடுவே கொஞ்சம் சுவர், ஒரு பெரிய அரங்கம். அரங்கமும் ரோமானியர் காலத்தது. அவ்வளவுதான். வரலாற்றாசிரியர் தூசிடைடிஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்: இந்த ஊர் காலியாகி அடித்தளம் மட்டும் மிஞ்சினால், பின்னால் வருகிறவர்கள் இதற்கு இவ்வளவு பெயர் இருந்ததை நம்ப மாட்டார்கள், ஏதென்ஸைப் பார்த்தால் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக நினைப்பார்கள் என்று. 2,400 வருஷம் கழித்து அச்சு அசலாக அதைத்தான் நான் நினைத்தேன். மதில்கூட வெகுகாலம் கட்டிக்கொள்ளாத ஊர்.

ஆகவே இங்கே வாழ்க்கையைக் கல்லில் தேட முடியாது, நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் ஆலிவும் சாப்பிட்டபடி அந்த வேலையைத்தான் செய்தோம்.

"இங்க பொறந்திருந்தா உங்களை ஏழு வயசுலயே அம்மாகிட்டேருந்து பிரிச்சிருப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் 30 வயசு வரைக்கும் ராத்திரி படுக்கை கூட்டாளிங்களோடதான்," என்றேன்.

"சாப்பாடு?"

சாப்பாடு தினமும் பொது மெஸ்ஸில், சுமார் 15 பேர் சேர்ந்த குழு. மாதாமாதம் பார்லி, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லாதவன் குடிமகனே இல்லை. புதிதாக ஒருவன் சேர வேண்டுமென்றால் ரொட்டி உருண்டைதான் ஓட்டு என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்: பரிமாறுபவன் தலையில் ஏந்திவரும் பாத்திரத்தில் ஆளுக்கு ஓர் உருண்டை போடுவார்கள், அதில் ஒன்றே ஒன்று நசுங்கியிருந்தாலும் அவனுக்கு இடமில்லை. அங்கே பெரிய பெயர் பெற்ற பதார்த்தம் கறுப்புக் குழம்பு. பன்றிக்கறியை ரத்தத்தில் வினிகரும் உப்பும் போட்டுக் கொதிக்க வைத்தது என்பார்கள். வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தார்களாம். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை, கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம்.

அந்தப் பார்லியை விளைவித்தவர்கள் ஹெலட்கள். சொந்த மண்ணிலேயே அடிமையாக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு வருஷமும் பதவியேற்கும் அதிகாரிகள் அவர்கள்மேல் முறைப்படி போர் அறிவிப்பார்களாம், கொன்றால் பாவம் ஒட்டக்கூடாது என்று. இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரரின் கட்சி கொஞ்சம் ஆடியது. ஆனால் அவர் ஒரு அம்பு வைத்திருந்தார்.

"உன் ஏதென்ஸ்ல நீ என்ன பண்ணியிருப்ப?"

பதில் எனக்குத் தெரியும். பதினைந்து வயதுக்குள் கல்யாணம், பிறகு உள்கட்டு, தறி. அந்தத் தண்ணீர்க் கடிகாரத்தில் ஒரு சொட்டும் எனக்காக வடிந்திருக்காது. ஓட்டுச் சில்லில் கீற எனக்கு உரிமையில்லை. ஸ்பார்ட்டாப் பெண்ணோ ஓடினாள், மல்யுத்தம் பழகினாள், நிலம் வைத்திருந்தாள். நாட்டின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் என்று அரிஸ்டாட்டில் குறையாகச் சொல்கிறார். கினிஸ்கா என்ற அரசகுமாரியின் குதிரைகள் கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பிக் தேர்ப் பந்தயத்தில் வென்றன. தந்தையும் அண்ணன் தம்பிகளும் அரசர்கள் என்று பெருமையடித்து, கிரேக்கத்திலேயே இந்தக் கிரீடம் வாங்கிய ஒரே பெண் நான் என்று கல்லில் எழுதி வைத்தாள்.

நான் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தேன்.

மாலையில் யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா கோயில் இருந்த இடத்துக்குப் போனோம். பையன்களைச் சாட்டையால் அடித்த இடம். ரோமானியர் காலத்தில் அது காட்சியாகிவிட, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இருக்கை வரிசை கட்டினார்கள். தவளைச் சத்தம், நாணல், மிஞ்சிய அடித்தளம். மறுநாள் அருங்காட்சியகத்தில், சிறுவர் போட்டியில் வென்றவர்கள் அந்தத் தெய்வத்துக்கு வைத்த கல்பலகைகளைப் பார்த்தோம். நடுவில் பிறை வடிவில் ஒரு குழி. பரிசாகக் கிடைத்த அரிவாளைப் பதித்த குழி. விரல் வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது, காவலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் ஏதென்ஸில் கெராமெய்கோஸ் மயானம். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ், போரில் இறந்தவர்களுக்காகப் பேசிய புகழ்பெற்ற உரை இந்தப் பக்கம்தான் நடந்தது. ஆண்கள் வாயில் நல்லதாகவோ கெட்டதாகவோ அடிபடாத பெண்ணுக்கே பெருமை என்று அதில் ஒரு வரி வரும். இவரோ ஒரு கல்லறையைத் தேடினார். கி.மு. 403இல் ஏதென்ஸ் உள்நாட்டுச் சண்டையில் வந்து செத்த ஸ்பார்ட்டா வீரர்களின் கல்லறை. எதிரி ஊரின் வாசலில், ராஜபாட்டை ஓரத்தில் படுத்திருக்கிறார்கள். பெயர் வெட்டிய எழுத்து வலமிருந்து இடமாக ஓடுமாம். இவர் குனிந்து, நிமிர்ந்து, படம் எடுத்துத் தள்ளினார். காலடியில் ஆமை ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது.

நான் இன்னொரு வரிசையில் ஹெகெசோ என்ற பெண்ணின் கல்லறைச் சிற்பத்தின் முன் நின்றிருந்தேன். நிற்பது நகல், மூலம் தேசிய அருங்காட்சியகத்தில். நாற்காலியில் உட்கார்ந்து நகை எடுக்கிறாள். எதிரே பணிப்பெண் பெட்டியைத் திறந்து நீட்டுகிறாள். மேலே 'புரோக்செனோஸின் ஹெகெசோ' என்று எழுத்து. பெட்டி பிடித்தவளுக்குப் பெயர் எழுதவில்லை.

இவர் வந்து பக்கத்தில் நின்றார். "இவங்கதான் உன் கட்சியா? உட்கார்ந்திருக்கிறவங்களா, நிக்கிறவங்களா?"

மயானத்தைச் சாத்தும் நேரம் என்று காவலாளி விசில் அடித்தார்.