யுரேகாவின் மரமாளிகை

கலிஃபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் யுரேகா என்று ஒரு சின்ன ஊர். ரெட்வுட் மரம் வெட்டி வளர்ந்த ஊர். அங்கே இருக்கும் கார்சன் மாளிகையின் படத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் கண் எடுக்க முடியாது. கோபுரம், கூம்புக் கூரை, தூணுக்குத் தூண் செதுக்கல் என்று ஓரிடம்கூட வெறுமையாக விடவில்லை. எனக்கு அந்த அமர்க்களம் பிடித்திருக்கிறது, சிலருக்குத் திகட்டலாம்.

கட்டியவர் மர வியாபாரி வில்லியம் கார்சன். 1884-ல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர்கள் நியூசம் சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்கள். மர வியாபாரம் மந்தமான காலம் அது, ஆலை ஆட்களுக்கு வேலை கொடுக்கத்தான் இவ்வளவு பெரிதாகக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். சரி, முதலாளியின் ஆசையும் சேர்ந்திருக்கும்! அவருடைய வியாபாரக் கூட்டாளி ஜான் டோல்பீர்தான், மாடுகள் இழுத்த பெருமரங்களை இழுக்க நீராவி எந்திரம் கண்டுபிடித்தவர்.

எதிரே இன்னொரு வீடு, இளஞ்சிவப்பில். 1889-ல் கார்சன் தன் மகனுக்குக் கொடுத்த கல்யாணப் பரிசாம்.

1950-ல் குடும்பம் மாளிகையை விற்றுவிட்டது. இப்போது அது இங்கோமர் கிளப் என்ற தனியார் மன்றத்தின் கையில். உறுப்பினராகவோ அவர்களின் விருந்தினராகவோ இல்லாவிட்டால், தெருவில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.