செவலையின் முதுகு

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு நானும் அப்பாவும் கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். அவர் கையில் டார்ச். என் கையில் அவருடைய பழைய வேட்டிக் கிழிசல். எல்லாம் செவலையின் முதுகால் வந்த வினை.

போன வாரம் அம்மாதான் முதலில் பார்த்தாள். செவலைக்கு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. உச்சந்தலையிலும் சொட்டை. அன்றிலிருந்து தினமும் காலையில் அதை மடியில் போட்டு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுகிறாள். "புள்ள எப்படி இருந்துச்சு, இப்படி ஆயிருச்சே" என்று கண் கலங்குகிறாள். எனக்கு முப்பது வயதில் முன்மண்டை காலியானபோது இதே அம்மா சொன்னது, "உங்கப்பா வீட்டு வாகுடா". அதோடு சரி.

மேல வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டுக் கண்ணுதான் என்றாள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கோழி தும்மியது, நானும் தும்மினேன். சித்தப்பா அதையெல்லாம் நம்பமாட்டார், பேன்தான் என்றார். பேன் இருந்தால் கோழியின் பின்பக்கத்து இறகின் அடியில் முட்டைகள் சர்க்கரை ஒட்டினதுபோல் கொத்தாக இருக்குமாம். அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால், பத்து நிமிடம் கோழியின் பின்பக்கத்தை நான் பார்க்க வேண்டியதாயிற்று. சுத்தமாக இருந்தது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று துளசி மாடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, அடுப்புச் சாம்பலும் மணலும் கொட்டி, காய்ந்த வேப்பிலையைப் பொடித்துப் போட்டார். செவலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கருப்பியும் புள்ளிச்சியும் விழுந்து புரண்டதில், கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சட்டை விபூதிக்காப்பு கண்டது.

அப்பாவின் கட்சி வேறு. இது இறகு உதிர்க்கிற பருவம், இறகு முழுக்கப் புரதம், அதனால் தீனிதான் மருந்து என்றார். அந்தப் பருவத்தில் கழுத்தில் தொடங்கி உடம்பெல்லாம் கொட்டும், முட்டையும் நின்றுபோகும். இது முதுகோடு நிற்கிறதே, தினமும் முட்டை வேறு இடுகிறதே என்று கேட்டால், "உனக்கு என்னடா தெரியும்?" கருவாட்டுத் தலையை இடித்துப் போட்டதில் தெருப் பூனையெல்லாம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தன. அப்புறம் கரையான் பானை. ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் அப்பியிருக்கும். அருமையான யோசனைதான். ஆனால் அதைக் கொண்டுபோய் நிலைக்கதவை ஒட்டி வைப்பார்களா? அம்மா அன்றைக்கு முழுவதும் அப்பாவோடு பேசவில்லை.

அதற்கும் மசியாததால்தான் நேற்று ராத்திரிச் சோதனை. செள்ளுப்பூச்சியில் ஒரு வகை, பகலில் கூண்டு இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். கோழி உட்காரும் கட்டையில் வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பாகத் தீற்றும். துடைத்தேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சிவப்பு!

"பாத்தியா! ரத்தம்டா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் மேல வீட்டில் விளக்கு எரிந்தது. மாமா "எவன்டா அது?" என்று கம்போடு வந்துவிட்டார். அம்மா வந்து துணியை வாங்கி மோந்து பார்த்தாள். அப்பாவின் வெற்றிலை எச்சில். வேட்டியிலேயே இருந்த பழைய கறை.

இன்று காலை செவலையைக் கூடையில் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கிப்போனேன். டாக்டர் முதுகை விரலால் தடவிப் பார்த்தார். தோலோடு ஒட்டி, ஒடிந்த ஈர்க்குச்சி மாதிரி இறகுக் காம்புகள் நின்றன. "இது உதிரல, முறிஞ்சிருக்கு. சேவல் எத்தனை, பெட்டை எத்தனை?"

ஒன்று, மூன்று.

ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேண்டுமாம். மூன்றுதான், அதிலும் ஒன்றின் மேலேயே பிரியம் என்றால், மிதித்து மிதித்து முதுகும், கொத்திப் பிடித்துப் பிடித்து உச்சந்தலையும் இப்படித்தான் ஆகும்.

எங்களுக்குத் தெரியாத விஷயமா! தினமும் வாசலில் நடப்பதுதான். அப்பாவும் நானும் சேர்ந்து நிற்கும்போது நடந்தால், ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்ப்போம். அந்த மரியாதைதான் ஒரு வாரத்தைத் தின்றுவிட்டது.

சேவலை அடித்துக் குழம்பு வைத்தால் தீர்ந்தது. ஆனால் அவர் முனியப்பசாமிக்கு நேந்துவிட்டவர். ஆடி வரைக்கும் அவர் மேல் ஒரு சுடுசொல் படக்கூடாது. இன்னும் ஐந்து பெட்டை வாங்கலாம் என்றார் அப்பா. சாமி பெயரைச் சொல்லி ஒரு சேவலுக்குப் பெண் தேடி நான் சந்தைக்குப் போக வேண்டுமாம்.

கடைசியில், தோல் ஆறும்வரை முதுகில் கனத்த துணி கட்டிவிடச் சொன்ன டாக்டர் பேச்சைத்தான் அம்மா கேட்டாள். மத்தியானமே அப்பாவின் கட்டம்போட்ட துண்டை வெட்டி, இறக்கைக்கு அடியில் போக இரண்டு எலாஸ்டிக் வைத்து, முதுகுச்சட்டை தைத்துவிட்டாள். போட்டதும் செவலை அப்படியே நின்றது. நாலடி பின்னாலேயே நடந்தது. சேவல் வந்து ஒரு சுற்று சுற்றி, இது யாரோ என்பதுபோல் பார்த்துவிட்டு, நேராகப் புள்ளிச்சியிடம் போனது.

நானும் அப்பாவும் வானத்தைப் பார்த்தோம்.

"புள்ளிச்சிக்கும் ஒண்ணு தச்சுரணும், நூலக் கோத்துக் குடுடா" என்று அம்மா ஊசியை நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன். எந்தத் துணியில் என்று கேட்கவில்லை. கொடியில் என் வெள்ளைச் சட்டையைக் காணோம்.