ஆற்றங்கரைத் திண்ணை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வேலை என்றால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் அளவெடுக்கப் போவேன். பகலில் வெயில் தாளாது, ஆளும் இருக்காது. ஆளில்லாத நேரத்தில் எடுக்கும் அளவு சுவருக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். எங்கே நிற்கிறார்கள், எங்கே சாய்கிறார்கள் என்பது இருட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும். கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வரைபடம் போடும் எனக்கு இது புரியவே சில வருடங்கள் ஆயின. அதற்குள் ஒரு தப்பும் செய்துவிட்டேன்.

இந்தக் கரைக்குப் பழைய கதை உண்டு. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே, ஒவ்வொரு கடையின் முன்னாலும் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதுதான் இன்றைய ஐந்தடிப் பாதை. இடம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் ஊர்த் திண்ணைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அந்த நாளில் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நிறைய. பின்னால் சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் போனது. 1977இல் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கி, 1983இல் தோணிகளைத் தீவின் தென்மேற்குக் கடலோரத்தில் உள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1987இல் ஆறு தெளிந்தது. மூட்டை ஏறிய படித்துறைகள், பழைய தோணித்துறையான போட் கீயில் இன்னும் இருக்கின்றன, மூட்டைதான் இல்லை. கிடங்குகளும் கடைவீடுகளும் உணவகங்களாயின. 2008இல் மரீனா அணை வந்ததும் கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள் வருவது நின்றது. தண்ணீர் ஓரளவு ஒரே மட்டத்தில் நிற்பதால் மேசைகளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. போட் கீயில் பாருங்கள், நடப்பவருக்கும் தண்ணீருக்கும் நடுவே வரிசையாக மேசைகள். ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று தோன்றிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. அதே ஆற்றங்கரையில் உள்ள கிளார்க் கீயில் 2006இல் முடிந்த சீரமைப்பில், கடைத்தெருக்களின் மேல் பெரிய குடைகள் போல ஒளி ஊடுருவும் கூரை போட்டார்கள். அதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூடச் செலவழிக்காதவரும் மழையில் நனையாமல் அந்தத் தெருவைக் கடக்கலாம்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

ஆற்றோரக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் உணவகம். அதன் முன்னால் சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கருங்கல் கட்டை. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் விளிம்பு மழுங்கி, நடுவில் மட்டும் எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும். "வாடிக்கையாளருக்கு ஆறு தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது" என்றார் உரிமையாளர். கட்டை நெடுக எட்டுச் செடித்தொட்டிகள் வரைந்து கொடுத்தேன். அரை மணி நேர வேலை. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தமிழ்தான் பேசினார்கள். பேச்சுக் கொடுத்தேன்.

"லீவு நாள்ல இங்கதாண்ணே வந்து உக்காருவோம். வீட்டுக்கு வீடியோ கால் போட்டா பின்னாடி ஆறு தெரியும். எம் பொண்ணு கப்பலக் காட்டு, கப்பலக் காட்டுன்னு கேக்கும். இப்ப செடி வெச்சுட்டாங்க."

அந்தத் தொட்டிகளை வரைந்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆறு நன்றாகவே தெரிந்தது. மேசைகளில் பாதி காலி. முன்பெல்லாம் கட்டையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் நடப்பவர்களின் கால் கொஞ்சம் தயங்கும், கண் விலைப்பட்டியலுக்குப் போகும். இப்போது யாரும் நிற்காமல் கடந்து போனார்கள்.

அடுத்து வந்த ஆற்றோர வேலையிலும் இதே கட்டை, இதே குறை. இந்த முறை உணவகத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது போன்ற குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரைந்தேன். நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர். கட்டையில் இருப்பவரின் தலையும் கிட்டத்தட்ட அதே மட்டம், சிலருக்கு இன்னும் சற்று மேலே. உணவகத்தின் தரையை 45 சென்டிமீட்டர் உயர்த்தினால் பார்வை தலைகளைத் தாண்டி நேரே தண்ணீருக்குப் போய்விடும். சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, அதாவது ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதற்கே 5.4 மீட்டர் நீளம். இரண்டு மேசை போய்விடும். அந்த இரண்டு மேசைக்காக மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் உரிமையாளரை மாலை ஏழு மணிக்குக் கரைக்கு அழைத்துப் போய்க் கட்டையில் உட்கார வைத்தேன். கால் மணி நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "தரையை உயர்த்திவிடுங்கள்" என்றார்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கட்டையில் இடமே இல்லை. ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுப் பேரனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோலை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.